கம்பியும் காற்றும்

மேசைக்குச் சற்று மேலே, சுவரில் ஒரு சிறு துளை. தீப்பெட்டியின் பாதி அகலங்கூட இல்லாத அத்துளைக்குள் உலகம் முழுவதும் அடங்கியிருந்தது. ஆயினும் அதனுள் நுழைவதற்கு நம்மிடம் வழி இருக்கவில்லை. 2013ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 8ஆம் நாள் இரவு, ஜப்பான் நாட்டின் நாகசாகி நகரில், ஒரு விடுதியின் ஆறாம் மாடி அறையில் நாம் அத்துளையைப் பார்த்தவாறே நெடுநேரம் அமர்ந்திருந்தோம். ஆண்டுகள் பல கடந்த பின்னும் அவ்விரவு நம் நெஞ்சைவிட்டு அகலவில்லை. அன்று கற்றுக்கொண்ட பாடம் கணினியைப் பற்றியதா, மனிதரைப் பற்றியதா என்று இன்றும் நம்மால் பிரித்துச் சொல்ல இயலவில்லை. அதனாலேயே அதனை வாசகர்களோடு பகிர்ந்துகொள்ள விழைகின்றோம்.

நம் மறைவட்டத்தைச் சேர்ந்த பதினான்கு பேர் கொண்ட திருப்பயணக் குழுவோடு நாம் நாகசாகிக்குச் சென்றிருந்தோம். 1597ஆம் ஆண்டு பிப்ரவரி 5ஆம் நாள் அந்நகரின் நிஷிசாகா குன்றில் சிலுவையில் அறையப்பட்டு உயிர்நீத்த இருபத்தாறு பேருள் ஒருவர், நம் நாட்டின் வசையில் பிறந்த புனித கொன்சாலோ கார்சியா. அவர் குருவல்லர், பிரான்சிஸ்கன் சபையின் துறவறச் சகோதரர். 1862ஆம் ஆண்டிலேயே புனிதராக உயர்த்தப்பட்ட அவரை நம் மக்களுள் பலர் அறிந்திலர். அவர் நின்ற மண்ணைக் காண வேண்டும் என்பதே எம் குழுவினரின் பல்லாண்டு ஆவல்.

நாங்கள் சென்றடைந்த நாளில் நகரம் விழாக்கோலம் பூண்டிருந்தது. ஆண்டுதோறும் அக்டோபர் 7, 8, 9 ஆகிய நாள்களில் அந்நகரின் சுவா கோயிலைச் சார்ந்து நடைபெறும் குன்ச்சித் திருவிழாவிற்காக நாற்றிசையினின்றும் மக்கள் வந்து குவிந்திருந்தனர். தெருவெங்கும் பறவைநாக ஆட்டத்தின் முழவொலி. நல்ல விடுதிகளெல்லாம் நிரம்பிவிட்டமையால், புகைவண்டி நிலையத்திற்கு அண்மையில் வணிகப் பயணிகள் தங்கும் ஒரு பழைய விடுதியே எங்களுக்குக் கிடைத்தது. ஒரு கட்டிலும் ஒரு மேசையும் ஒரு சன்னலும் கொண்ட அறைகள். தூய்மைக்கு மட்டும் ஒரு குறையும் இல்லை.

விடுதியை அடைந்து பெட்டியை இறக்குவதற்குள், பயண ஏற்பாட்டாளர் தம் தொலைபேசியை நம்மிடம் நீட்டினார். நம் தமக்கையின் மகன் அனுப்பிய செய்தி அதில் இருந்தது. "மாமா, பாட்டி குளியலறையில் வழுக்கி விழுந்துவிட்டார்கள். இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. நாளைக் காலையே அறுவைச் சிகிச்சை செய்ய வேண்டும் என்கிறார் டாக்டர். பாட்டி ஒத்துக்கொள்ளவில்லை. உங்களைப் பார்க்காமல் உடம்பில் கத்தி வைக்க விடமாட்டார்களாம். இரவு எட்டு மணியிலிருந்து ஒன்பது மணிவரை வார்டில் நான் இருப்பேன். எப்படியாவது ஸ்கைப்பில் வாருங்கள்."

நம் அன்னைக்கு அப்போது வயது எழுபத்தெட்டு. செவிப்புலன் அறவே மங்கி ஆண்டுகள் ஆறு ஆகியிருந்தன. தொலைபேசியில் எவர் பேசினும் அவர் காதில் விழாது. எதிரில் இருப்பவரின் உதட்டசைவையும் முகக்குறிப்பையும் கொண்டே சொல்லப்படுவதை அறிந்துகொள்வார். விடுதித் தொலைபேசியில் அழைத்து ஆயிரம் வார்த்தை பேசினாலும் அது அவரைச் சென்று சேராது. முகம் தெரிந்தாக வேண்டும். அந்நாளில் ஸ்கைப் என்னும் செயலி அதற்கு உதவிற்று. 2025ஆம் ஆண்டு மே மாதத்தில் அச்செயலியும் மூடப்பட்டுவிட்டது. அன்றோ, கடல் கடந்த தமிழ்க் குடும்பங்களுக்கெல்லாம் அதுவே முகங்காட்டும் கண்ணாடியாக விளங்கிற்று.

ஜப்பான் நேரம் நம் நாட்டு நேரத்திற்கு மூன்றரை மணி முந்தியது. ஆகவே ஊரில் எட்டு மணி என்பது நாகசாகியில் பதினொன்றரை மணி. கையில் ஏறத்தாழ மூன்று மணி நேரம் இருந்தது. நம்மிடம் டேப்லெட் எனப்படும் பலகைக் கணினி ஒன்றும் இருந்தது. வெளிநாடு செல்லும் தம்பிக்கு உதவுமென்று தமக்கை வாங்கித் தந்தது. நாம் வைத்திருந்த பழைய கைத்தொலைபேசியோ ஜப்பான் மண்ணில் கால் வைத்ததுமே ஊமையாகிவிட்டது. நம் நாட்டில் பயன்பட்ட ஜிஎஸ்எம் முறை அந்நாட்டில் என்றுமே கைக்கொள்ளப்படவில்லை என்பதைப் பின்னரே அறிந்தோம்.

அறையின் மேசைமீது ஓர் அட்டை இருந்தது. இணைய வசதி இலவசம் என்று அதில் பொறிக்கப்பட்டிருந்தது. மகிழ்ந்து பலகைக் கணினியைத் திறந்தோம். வைஃபை என்னும் கம்பியில்லா இணைப்பு ஒன்றேனும் தென்படவில்லை. அட்டையை மீண்டும் நோக்கினோம். 'லேன்' என்னும் மூன்றெழுத்தும், சுவரை நோக்கிய அம்புக்குறியும் அதில் இருந்தன. அப்போதுதான் அத்துளை நம் கண்ணிற் பட்டது.

கீழே இறங்கி வரவேற்பு மேசைக்குச் சென்றோம். அங்கிருந்த இளம்பெண்ணுக்கு ஆங்கிலம் அரிதாகவே வந்தது. நமக்கு ஜப்பானியம் அறவே வராது. கையசைவாலும் படம் வரைந்தும் நம் தேவையை உணர்த்தினோம். அவர் முகம் மலர்ந்து, உள்ளே சென்று, சுருட்டிக் கட்டிய நீலநிறக் கேபிள் ஒன்றை இரு கைகளாலும் ஏந்தி வந்து நம்மிடம் தந்தார். நாம் பலகைக் கணினியைத் திருப்பித் திருப்பிக் காட்டினோம். மின்னூட்டும் சிறு துளையன்றி வேறு துளை அதற்கில்லை. கேபிளின் முனை எங்கே நுழையும்? அவருக்குப் புரிந்துவிட்டது. கம்பியில் வருவதைக் காற்றில் விடும் ரவுட்டர்ப் பெட்டிகள் சில விடுதியில் இருந்தனவாம். திருவிழாக் கூட்டத்தினர் அனைத்தையும் இரவல் பெற்றுவிட்டனராம். அவர் மும்முறை தலைவணங்கி மன்னிப்பு வேண்டினார். அவர் பிழை யாதொன்றும் இல்லையே என்று சொல்லவும் நமக்கு மொழியில்லை.

கேபிளோடு அறைக்குத் திரும்பினோம். ஒரு முனையைச் சுவர்த்துளையில் செருகினோம்; 'கிளிக்' என்ற ஒலியோடு அது பொருந்திற்று. மறுமுனை மேசைமீது வெறுமனே கிடந்தது. ஆயிரக்கணக்கான கல் தொலைவைத் தாண்டி அன்னையின் கட்டில்வரை செல்லும் பாதை அந்த மறுமுனைவரை வந்து நின்றுவிட்டது. அதற்கும் நம் கையிலுள்ள கருவிக்கும் இடையே எஞ்சியிருந்தது ஒரு சாண். அந்த ஒரு சாண் தொலைவைக் கடக்க வகையறியாமல் மணி பத்தேகால்வரை அமர்ந்திருந்தோம்.

அப்போது கதவு தட்டப்பட்டது. எம் குழுவில் வந்திருந்த அண்ணாச்சி ஒருவர் நின்றிருந்தார். தொலைபேசித் துறையில் கம்பியாளராகச் சேர்ந்து, முப்பத்தைந்து ஆண்டுகள் கம்பத்திலும் குழியிலும் உழைத்து ஓய்வு பெற்றவர். "சாமி, அம்மாவுக்குச் சுகமில்லைன்னு ஏற்பாட்டாளர் சொன்னார். பேச முடிஞ்சுதா?" என்று வினவினார்.

அவரைக் கண்டதும் நமக்குள் ஒரு நாணம் எழுந்தது. அதன் காரணத்தை மறைக்க விரும்பவில்லை. பயணத்திற்கு முன் பங்கு மன்றத்தில் ஆயத்தக் கூட்டம் நடத்தியபோது, அவரவர் சுமக்கக்கூடிய அளவே பெட்டி இருக்க வேண்டும் என்று அறிவுறுத்தினோம். அண்ணாச்சி எழுந்து, தம் மடிக்கணினியைக் கொண்டுவரலாமா என்று கேட்டார். "அண்ணாச்சி, நாம் திருப்பயணம் போகிறோமா, அலுவலகம் போகிறோமா? ஒரு வாரம் அதைவிட்டு இருக்க முடியாதா?" என்றோம். கூடியிருந்தோர் சிரித்தனர். அவரும் சிரித்தவாறே அமர்ந்துகொண்டார். ஏன் வேண்டும் என்று நாம் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. ஆனால் விமான நிலையத்தில் அவர் தோளில் அந்தப் பை தொங்கியதைக் கண்டு, நாம் முகத்தைச் சற்றே திருப்பிக்கொண்டது நினைவிருக்கிறது.

மேசைமீது கிடந்த கேபிளையும் பலகைக் கணினியையும் அவர் ஒருமுறை பார்த்தார். வேறொன்றும் பேசாமல் தம் அறைக்குச் சென்று அந்தப் பையோடு திரும்பினார். அவருடைய மடிக்கணினியின் பக்கவாட்டில், சுவரில் இருந்ததைப் போன்றே ஒரு துளை இருந்தது. நீலக் கேபிளின் மறுமுனையை அதில் செருகினார். மஞ்சள் நிறத்தில் ஒரு சிறு விளக்குச் சிமிட்டிற்று. திரையில் விடுதியின் பக்கம் ஒன்று தோன்றி ஒப்புதல் கேட்டது. பொத்தானை அழுத்தியதும் இணையம் திறந்துகொண்டது.

"சாமி, இதுலேயே ஸ்கைப் பேசலாம். ஆனா இந்த மிஷினோட கேமரா போன வருஷமே போயிட்டுது. அம்மா முகம் நமக்குத் தெரியும், நம்ம முகம் அம்மாவுக்குத் தெரியாது" என்றார். அன்னைக்கு வேண்டியதோ நம் முகம். "அப்போ இதையே ஒரு ரவுட்டரா ஆக்கிப் பார்ப்போம். கம்பியில வாங்கி, காத்துல கொடுக்கட்டும்" என்று சொல்லி வேலையைத் தொடங்கினார்.

அவர் செய்ததை நாம் அருகிலிருந்து கவனித்தோம். 2009ஆம் ஆண்டில் வெளிவந்த விண்டோஸ் 7 என்னும் இயக்க முறைமையில் அதற்கொரு வழி இருந்ததாம். மடிக்கணினியில் வைஃபை அலைகளை ஏற்கும் உறுப்பு ஒன்று இருக்கிறது; வழக்கமாக அது பிறர் தருவதைப் பெறும். அதே உறுப்பைப் பிறருக்குத் தருவதாகவும் மாற்றலாம். கறுப்புத் திரையொன்றைத் திறந்து இரண்டு கட்டளை வரிகளைத் தட்ட வேண்டும். முதல் வரி, புதிய இணைப்புக்கு ஒரு பெயரும் கடவுச்சொல்லும் சூட்டும். இரண்டாம் வரி அதனை இயக்கத் தொடங்கும்.

"எட்டு எழுத்துக்குக் குறையாம ஒரு சொல் சொல்லுங்க, சாமி" என்றார் அண்ணாச்சி. அன்னையின் பெயரைச் சொன்னோம். ஆங்கிலத்தில் ஏழெழுத்தே வந்தது. ஈற்றில் 1 என்னும் எண்ணைச் சேர்த்து எட்டாக்கினார்.

காத்திருந்த வேளையில் கேபிளைக் காட்டி நமக்கு ஒன்றை விளக்கினார். அதனுள் எட்டுக் கம்பிகள் இருக்கின்றன. இரண்டிரண்டாக நான்கு இணைகள். ஒவ்வோர் இணையும் கயிறுபோல் ஒன்றோடொன்று முறுக்கப்பட்டிருக்கிறது. ஓர் இணையின் இரு கம்பிகளும் ஒரே செய்தியை நேர்மாறான வடிவில் ஏந்திச் செல்கின்றன. வெளியேயிருந்து வரும் இரைச்சல் இரண்டின்மீதும் ஒரே அளவாய் விழுவதால், மறுமுனையில் ஒன்றிலிருந்து ஒன்றைக் கழிக்கும்போது இரைச்சல் நீங்கிச் செய்தி மட்டும் எஞ்சுகிறது. "முறுக்கு அவிழ்ந்த கம்பியில இரைச்சல்தான் கேக்கும், சாமி. முப்பத்தஞ்சு வருஷம் அந்த முறுக்கைத்தான் பார்த்துக்கிட்டிருந்தேன்" என்றார். அவ்வாண்டு சூலைத் திங்களில்தான் நம் நாட்டில் தந்திச் சேவை முற்றாக நிறுத்தப்பட்டிருந்தது. அதைச் சொல்லும்போது அவர் குரல் சற்றே தாழ்ந்தது.

மணி பதினொன்றேகால். நம் பலகைக் கணினியில் புதிய இணைப்பின் பெயர் தோன்றிற்று. கடவுச்சொல்லை இட்டோம், ஏற்றுக்கொண்டது. அலைவலிமையைக் காட்டும் வளைகோடுகள் அனைத்தும் நிறைந்து நின்றன. நன்றி கூறி ஸ்கைப்பைத் திறந்தோம். திறக்கவில்லை. மீண்டும் முயன்றோம், வட்டம் ஒன்று சுழன்றுகொண்டே இருந்தது. கோடுகளோ நிறைந்தே நின்றன. "இணைப்பு முழுசா இருக்கே, அண்ணாச்சி!" என்றோம், சற்றே பொறுமையிழந்து.

அவர் பதற்றப்படவில்லை. "சாமி, அந்தக் கோடு உங்க கருவிக்கும் என் கருவிக்கும் நடுவுல உள்ள பலத்தைத்தான் காட்டும். என் கருவி மேலே எதோட சேர்ந்திருக்குன்னு அதுக்குத் தெரியாது" என்றார். பின்னர் கம்பி இணைப்பின் அமைப்புகளைத் திறந்து, பகிர்வு என்னும் பகுதியில், பிறர் இவ்விணைப்பைப் பயன்படுத்த இசைவு தருவதற்கான சிறு கட்டத்தில் குறியிட்டார். யாருக்குப் பகிர வேண்டும் என்று கேட்டதற்குப் புதிய வைஃபையைத் தெரிவு செய்தார். அவ்வளவே. கம்பியும் காற்றும் ஒரே கருவிக்குள் இருந்தும், ஒன்று மற்றொன்றுக்குத் தர ஒப்புதல் இல்லாமல் இருந்திருக்கிறது.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லாமல் மேற்செல்ல நம்மால் இயலவில்லை. பீடத்தில் நின்று ஆண்டுக்கணக்காய்ப் பேசும் நமக்கு அந்த நிறைந்த கோடுகள் ஒரு கேள்வியாய் நின்றன. கேட்போர் அருகில் வந்து அமர்கின்றனர். நம் குரல் தெளிவாக எட்டுகிறது. எல்லாக் கோடுகளும் நிறைந்தே தெரிகின்றன. ஆயினும் நாம் மேலே எதனோடு சேர்ந்திருக்கிறோம் என்பதை அக்கோடுகள் காட்டுவதில்லை.

மணி பதினொன்று நாற்பது. தமக்கை மகனின் முகம் திரையில் தோன்றிற்று. "மாமா!" என்றவன் உடனே கருவியைத் திருப்பினான். வெண்ணிற விரிப்பின்மேல் நம் அன்னை. தலைமுடி கலைந்திருந்தது. முதலில் அவர் கண்கள் எங்கோ நிலைகுத்தியிருந்தன. பேரன் தோளைத் தொட்டுக் காட்டியதும் திரையைப் பார்த்தார்.

குருப்பட்டம் பெற்ற நாள்தொட்டு அவர் நம்மைச் 'சாமி' என்றே அழைத்து வந்தார். எத்தனையோ முறை வேண்டாம் என்று சொல்லியும் கேட்டதில்லை. அன்று அவர் வாயினின்று வந்த முதற்சொல் "எய்யா" என்பது. பள்ளிக்கூடத்திலிருந்து வரும்போது வாசலில் நின்று அழைப்பாரே, அதே சொல். "எய்யா, சாப்பிட்டியா?" என்று உரக்கக் கேட்டார். இடுப்பெலும்பு முறிந்து கிடப்பவர் கேட்ட கேள்வி அது.

நாம் மெதுவாக, ஒவ்வொரு சொல்லாக, உதடு தெரியப் பேசினோம். "அம்மா, டாக்டர் சொல்வதற்குச் சம்மதியுங்கள். நான் பக்கத்தில்தான் இருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை வந்துவிடுவேன்." அவர் நம் உதட்டையே உற்று நோக்கினார். படம் இடையிடையே உறைந்து நின்றது. அவ்வேளையில் அவரும் மூச்சை நிறுத்திக் காத்திருந்தார். மூன்றாம் முறை சொன்னபோது தலையசைத்தார். பின் கையை உயர்த்தி, திரையில் நம் நெற்றி தெரிந்த இடத்தில் சிலுவை அடையாளம் வரைந்தார். ஆசி வழங்குவது நம் தொழில். அன்று பெற்றுக்கொண்டவர் நாம். அதன்பின் பேரன் நீட்டிய தாளில் அவர் விரல்ரேகை பதிப்பதையும் கண்டோம்.

திரும்பிப் பார்த்தபோது அறையில் அண்ணாச்சி இல்லை. மடிக்கணினியை அப்படியே விட்டுவிட்டு, கதவுக்கு வெளியே தாழ்வாரத்தில் நின்றுகொண்டிருந்தார்.

அறுவைச் சிகிச்சை நலமே முடிந்தது. அன்னை கைத்தடியூன்றி மூன்றாண்டுகள் நடமாடி, 2016ஆம் ஆண்டில் அமைதியாக இறைவனடி சேர்ந்தார். அதுவரை, வருவோர் போவோரிடமெல்லாம் "என் மகன் ஜப்பானிலிருந்து கம்பி வழியா வந்தான்" என்று சொல்லி மகிழ்ந்தார். அது பாதி உண்மை. கடைசி ஒரு சாண் தொலைவை அவர் மகன் காற்றின் வழியாகவே கடந்தான்.

ஊர் திரும்பிய பின், அன்றிரவு நிகழ்ந்தது யாதென்று கற்றறிய விரும்பினோம். ஒரே கம்பியில் இரு கருவிகள் எவ்வாறு பயன்பெற்றன? குருமடத்தில் பயின்ற நாள்களை நினைத்துக்கொண்டபோது அது எளிதில் விளங்கிற்று. அங்கே நூற்றுக்கு மேற்பட்டோர் வாழ்ந்தோம். அஞ்சல் துறைக்கோ முகவரி ஒன்றுதான். கடிதங்களெல்லாம் ஒரே வாயிலில் வந்து சேரும். எந்தக் கடிதம் எந்த அறைக்குரியது என்பதை உள்ளே ஒருவர் பார்த்துப் பிரித்துக் கொடுப்பார். வெளியுலகிற்கு அறை எண்கள் தெரியவேண்டியதில்லை. ரவுட்டர் செய்வதும் அதுவே. விடுதி ஓர் அறைக்கு ஒரு முகவரியே தந்தாலும், அதன் பின்னே பல கருவிகள் தத்தமக்குரிய உள்முகவரிகளோடு வாழலாம். பழைய முறையில் இணைய முகவரிகளின் மொத்த எண்ணிக்கை ஏறத்தாழ 429 கோடியே. உலக மக்கள் தொகைக்கே போதாத அவ்வெண்ணிக்கையைக் கொண்டு இத்தனை கருவிகளும் இயங்குவதற்கு இந்த ஏற்பாடும் ஒரு காரணம். இடையில் நிற்பவர் தமக்கென ஒரு கடிதத்தையும் வைத்துக்கொள்ளாதவரை எல்லாம் ஒழுங்காய் நடக்கும்.

மற்றொரு செய்தி நம்மை வியப்பில் ஆழ்த்தியது. சுவர்த்துளையில் செருகும் அக்கம்பி முறைக்கு ஈதர்நெட் என்று பெயர். 1973ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ஜெராக்ஸ் நிறுவனத்தின் ஆய்வகத்தில் ராபர்ட் மெட்காஃப் என்பவர் அதற்கு வித்திட்டார். அவருக்குத் தூண்டுதலாய் அமைந்தது ஹவாய்த் தீவுகளில் 1971ஆம் ஆண்டில் இயங்கத் தொடங்கிய அலோஹாநெட் என்னும் அமைப்பு. அதுவோ தீவுகளிடையே வானொலி அலைகளால் கணினிகளை இணைத்த கம்பியில்லா அமைப்பு! விண்ணெங்கும் நிறைந்து ஒளியை ஏந்திச் செல்வதாக முற்கால அறிவியலார் கருதிய ஈதர் என்னும் பொருளின் பெயரையே அவர் கம்பிக்குச் சூட்டினார். ஆக, காற்றிற் பிறந்த எண்ணம் கம்பிக்குள் புகுந்தது. அன்றிரவு அண்ணாச்சி அதனை மீண்டும் காற்றுக்கே திருப்பிவிட்டார்.

குரு ஒருவரின் பெயரையும் அப்போது அறிந்தோம். பிரேசில் நாட்டின் அருள்திரு ராபர்ட்டோ லாண்டெல் டி மௌரா என்பவர், 1900ஆம் ஆண்டில் சாவோ பாவ்லோ நகரில் கம்பியின்றி மனிதக் குரலை அனுப்பிக் காட்டினார். 1904ஆம் ஆண்டில் அமெரிக்க அரசு அவருக்கு மூன்று காப்புரிமைகளை வழங்கிற்று. மார்க்கோனியின் பெயர் அறிந்தோர் பலர். அவரே அமைத்த வத்திக்கான் வானொலி 1931ஆம் ஆண்டு பிப்ரவரி 12ஆம் நாள் தொடங்கப்பட்டதை அறிந்தோரும் உளர். 1928ஆம் ஆண்டில் மறைந்த இந்தக் குருவை அறிந்தோர் மிகச் சிலரே.

இன்று காலம் மாறிவிட்டது. பெரும்பாலான விடுதிகளில் வைஃபை வந்துவிட்டது. ஆயினும் கம்பித்துளை மட்டுமே உள்ள அறைகளும், கம்பியில் விரைவாகவும் காற்றில் நலிவாகவும் இணையம் தரும் அறைகளும் இன்னும் உள்ளன. மக்களைக் காண வெளிநாடு செல்லும் வயதான பெற்றோர்க்கு உதவக்கூடும் என்பதால் சிலவற்றைச் சொல்லி வைக்கின்றோம். உள்ளங்கையில் அடங்கும் பயண ரவுட்டர்கள் கடைகளில் கிடைக்கின்றன. ஒரு பக்கம் கேபிளைச் செருகி, கைத்தொலைபேசியின் மின்னூட்டியாலேயே அவற்றை இயக்கலாம். மடிக்கணினி இருப்பின், 2016ஆம் ஆண்டு முதல் விண்டோஸ் 10இல் ஹாட்ஸ்பாட் என்னும் வசதி உள்ளது. கறுப்புத் திரையும் கட்டளை வரிகளும் இனி வேண்டா. ஆனால் இக்கால மெல்லிய மடிக்கணினிகள் பலவற்றில் கம்பித்துளை இருப்பதில்லை. யுஎஸ்பி துளையில் செருகும் சிறு இணைப்பான் ஒன்றைப் பெட்டியில் வைத்துக்கொள்வது நலம். விடுதியின் ஒப்புதல் பக்கத்தை ஒரு கருவியில் முதலில் திறந்து முடித்த பின்னரே இணையம் ஓடும் என்பதை மறக்கலாகாது. கடவுச்சொல் இல்லாமல் இணைப்பைத் திறந்து வைப்பது, கதவைத் திறந்து வைத்து உறங்குவதை ஒக்கும். யாவற்றுக்கும் முன்னே வரவேற்பு மேசையில் ஒரு வார்த்தை கேளுங்கள். இசைவும் கிடைக்கும், ஒரு வேளை ரவுட்டரும் கிடைக்கும்.

மறுநாட் காலை நீலக் கேபிளைத் திருப்பித் தந்துவிட்டு, ஓவுரா பேராலயத்திற்குச் சென்றோம். 1865ஆம் ஆண்டு மார்ச் 17ஆம் நாள், புதிதாய் எழுந்த அவ்வாலயத்திற்கு உராகாமி என்னும் சிற்றூரிலிருந்து எளிய மக்கள் சிலர் வந்து, பிரெஞ்சுக் குருவான பெத்திஜான் அடிகளிடம் தங்கள் மறைந்த விசுவாசத்தை வெளிப்படுத்திய இடம் அது. இருநூறு ஆண்டுகளுக்கும் மேலாக அவர்களிடையே ஒரு குரு இல்லை. திருமுழுக்கு வழங்கியவரும், திருநாள்களை நினைவில் வைத்தவரும், மன்றாட்டுகளைப் பிள்ளைகளுக்குக் கற்றுத் தந்தவரும் பொதுநிலையினரே. முந்தின நாள் நாம் எண்ணி மகிழ்ந்த இருபத்தாறு பேருள்ளும் பதினேழு பேர் பொதுநிலையினர். இவற்றையெல்லாம் நூல்களில் படித்தும், பிறர்க்குப் போதித்தும் இருக்கிறோம். அன்று அண்ணாச்சி நமக்கு இரண்டடி முன்னே, தோளில் பையோடு படியேறிச் செல்வதைப் பார்த்தவாறே நின்றபோதுதான் அதன் பொருள் நமக்கு எட்டிற்று.

படியின் மேலே அவரை நெருங்கி, கேட்க வேண்டிய கேள்வியை மிகக் காலந்தாழ்த்திக் கேட்டோம். "அண்ணாச்சி, இதை ஏன் சுமந்துகொண்டு வந்தீர்கள்?"

"வீட்டுக்காரிக்குப் பக்கவாதம் வந்து நாலு வருஷமாச்சு, சாமி. படுக்கையைவிட்டு எழும்ப முடியாது. ரெண்டு பேருமா இங்க வரணும்னு நேர்ந்திருந்தோம். அதான், பார்க்கிறதையெல்லாம் படம் பிடிச்சு ராத்திரி அனுப்பி வைக்கிறேன். அவளும் கூட வந்த மாதிரி இருக்கும்லா" என்றார்.

ஊர் திரும்பிய இரண்டாம் வாரம் அவர் இல்லத்திற்குச் சென்றோம். கட்டிலில் சாய்த்து அமர்த்தப்பட்டிருந்த அந்த அம்மையார், தலைமாட்டுக் கணினித்திரையில் ஒவ்வொரு நாளின் படத்தையும் நமக்குக் காட்டிக்கொண்டே வந்தார். தேதி முறைப்படி எல்லாம் அடுக்கப்பட்டிருந்தன. ஓரிடத்தில் நிறுத்தி, குழறிய குரலில் சொன்னார்: "எட்டாந்தேதி மட்டும் படம் வரல, சாமி. ரொம்ப நேரம் முழிச்சிருந்து பார்த்தேன். கேட்டா, அன்னைக்கு ஒரு சோலி இருந்துதுன்னு மட்டும் சொல்றாங்க."

அண்ணாச்சி சன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். நாம் நாற்காலியைக் கட்டிலருகே இழுத்துப் போட்டு அமர்ந்து, எட்டாம் தேதி இரவு நடந்ததை முதலிலிருந்து அந்த அம்மையாருக்குச் சொல்லத் தொடங்கினோம்.